அழிக்கும் கட்டளையும் அதன் கையேடும்

யுனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 தேதியிட்டது. பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் எழுதியது. கோப்புகளை நீக்கும் 'ஆர்எம்' கட்டளைக்கு அதில் ஒரு சின்னப் பக்கம் உண்டு. ஒரு கோப்புக்கு இருக்கும் கடைசி இணைப்பையும் நீக்கினால் கோப்பே அழிந்துவிடும் என்று அது நேராகச் சொல்கிறது. அடியில் 'குறைகள்' என்று ஒரு பகுதி. எழுத அனுமதியில்லாத கோப்பை நீக்கும் முன் இந்தக் கட்டளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விற்கிறவனே சரக்கின் பழுதைச் சொல்வது மாதிரி! பின்னால் வந்த எல்லோருக்கும் அந்த மனசு இருந்ததாகச் சொல்ல முடியாது.

ஒரே பெயருக்கு இரண்டு அர்த்தம் வந்தபோது சிக்கல் இன்னும் கூடியது. லினக்ஸில் 'கில்ஆல்' என்று அடித்து ஒரு நிரலின் பெயரைக் கொடுத்தால் அந்த நிரல் மட்டும் நிற்கும். சன் நிறுவனத்தின் சோலாரிஸில் அதே 'கில்ஆல்' கணினியை மூடும் நேரத்தில் ஓடுகிற எல்லாவற்றையும் நிறுத்துவதற்கான கட்டளை. லினக்ஸ் பழக்கத்தில் சோலாரிஸ் சர்வரில் நிர்வாகியாக உட்கார்ந்து அடித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. லினக்ஸ் கையேட்டில் இதற்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் அதைப் படிக்க வேண்டியவர் உட்கார்ந்திருப்பது சோலாரிஸ் முன்னால்.

கையேட்டில் ஒரு வரி இல்லாததன் விலை என்ன? 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைப் பார்த்தால் தெரியும். அங்கே தரவுத்தளம் இரண்டு சர்வர்களில் இருந்தது. ஒன்று முதன்மை, இன்னொன்று அதன் நகல். அன்று சுமை கூடி நகல் பின்தங்கிவிட்டது. நகலைக் காலி செய்து, முதன்மையிலிருந்து மறுபடி பிரதி எடுக்க வேண்டும். அதற்கான கருவி 'பிஜி பேஸ்பேக்கப்'. பொறியாளர் அதை ஓட்டினார். திரையில் எதுவும் வரவில்லை. முதன்மை சர்வர் தரவை அனுப்பத் தொடங்கும்வரை அந்தக் கருவி வாய் திறக்காமல் காத்திருக்கும், அது அதன் இயல்பு. இந்த விஷயம் கிட்லேப்பின் சொந்தக் குறிப்புகளிலும் தெளிவாக இல்லை, கருவியின் அதிகாரபூர்வ ஆவணத்திலும் தெளிவாக இல்லை. நிறுவனமே பிறகு வெளியிட்ட அறிக்கையில் இதைச் சொல்லியிருக்கிறது.

கருவி மாட்டிக்கொண்டது என்று நினைத்த பொறியாளர், நகலில் இருக்கும் தரவு அடைவுதான் தடை என்று முடிவு செய்து அதை நீக்கக் கட்டளை கொடுத்தார். கொடுத்தது முதன்மை சர்வரில். ஓரிரு நொடியில் கவனித்து நிறுத்தினார். அதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபி மட்டும் மிச்சம்.

பேக்கப்? அன்றாடப் பிரதி எடுக்கும் கருவியின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோல்வியைச் சொல்ல வந்த மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டிருந்தன. அதே பொறியாளர் ஆறு மணி நேரம் முன்பு வேறு வேலைக்காகக் கையால் எடுத்துவைத்த ஒரு பிரதிதான் காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்துத் தரவு போனது போனதுதான்.

(வணிகவியல் மாணவர்களுக்கு இது விநோதமாகத் தெரியும். பேரேட்டில் தவறு வந்தால் யாரும் அழிப்பதில்லை, எதிர்ப்பதிவு போடுவார்கள். கணினிக்காரர்களுக்கு ரப்பர்தான் முதலில் கிடைத்தது.)

அதன்பின் கிட்லேப் எடுக்க நினைத்த நடவடிக்கைகளில் ஒன்று, எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது பளிச்சென்று தெரியும்படி கட்டளைத் திரையை மாற்றுவது. மனிதக் கண்ணுக்கு அது உதவும். ஆனால் இப்போது கட்டளையை ஓட்டுவது மனிதர் மட்டும் இல்லை. சொன்ன வேலையைத் தானே படிகளாகப் பிரித்துக்கொண்டு கருவிகளைத் தானே இயக்கும் ஏஐ ஏஜென்ட்டுகள் வந்துவிட்டன. அவற்றுக்கு வயிற்றில் புளி கரைவதில்லை, 'எதற்கும் ஒருமுறை பார்த்துக்கொள்வோம்' என்று கை நிற்பதில்லை. கருவியைப் பற்றி என்ன எழுதியிருக்கிறதோ அதை வைத்துத்தான் முடிவு. எழுதாததை அனுமானிக்கும், அந்தப் பொறியாளர் செய்த மாதிரியே.

இப்படிப்பட்ட ஏஜென்ட்டுகளைக் கருவிகளோடு இணைக்க ஆன்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற நெறிமுறையை வெளியிட்டது. 2025 மார்ச் பதிப்பில் ஒவ்வொரு கருவியிலும் அது படிக்க மட்டுமா, அழிக்கக்கூடியதா என்று குறிக்க வழி வந்தது. மாற்றம் செய்யும் கருவியை எழுதியவர் ஒன்றும் சொல்லாவிட்டால் 'அழிக்கக்கூடியது' என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனாலும் அது வெறும் ஆம், இல்லை. எது போகும், எவ்வளவு போகும், திரும்ப வருமா என்பதை விளக்க வரியில் மனிதர்தான் எழுத வேண்டும்.

'திரும்ப வருமா' என்ற கேள்வி நான்கே மாதத்தில் வந்தது. 2025 ஜூலையில், ஜேசன் லெம்கின் என்ற தொழில்முனைவோர் ரெப்ளிட் தளத்தின் ஏஜென்ட்டை வைத்து ஒரு செயலி கட்டிக்கொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்த நேரத்தில் அது தரவுத்தளத்தை அழித்துவிட்டது. 1,200க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரங்கள் அதில் இருந்தன. மீட்க முடியாது என்றும் அது சொன்னது. லெம்கின் தாமே முயன்று பார்த்தார், மீட்க முடிந்தது. தங்கள் கருவியால் எதைத் திரும்பப் பெறலாம் என்பதே ஏஜென்ட்டுக்குத் தெரிந்திருக்கவில்லை. சோதனைத் தரவுத்தளத்தையும் நிஜத் தரவுத்தளத்தையும் பிரிப்பதாக ரெப்ளிட்டின் தலைவர் அம்ஜத் மசாத் அறிவித்தார். கூடவே, ஏஜென்ட் தங்கள் ஆவணங்களைக் கட்டாயம் தேடிப் பார்க்கும்படி செய்யப்போவதாகவும் சொன்னார்.