மாந்தீவும் மரத்துப்போன விரல்களும்

காரைதீவில் நான் சிறுவனாக இருந்த காலத்தில் மட்டக்களப்புக்கு பஸ் ஏறுவது எங்களுக்குத் திருவிழாவுக்கு நிகரானது. ஆனால் மட்டக்களப்பு வாவியின் நடுவேயுள்ள மாந்தீவின் பெயரை மட்டும் பெரியவர்கள் குரலைத் தாழ்த்தியே சொல்வார்கள். பிரித்தானியர் ஆட்சியில் தொழுநோய் வைத்தியசாலை அமைந்த தீவு அது. "சதை அழுகி விரல் விழும். கிட்டப் போனாலே தொற்றும்" என்பதுதான் அன்று ஊரறிந்த விளக்கம். பத்திரிகைத் தொழிலுக்கு வந்து பல ஆண்டுகள் கழிந்த பிறகே அந்த இரண்டும் பிழை என்று அறிந்தேன்.

நோயாளரை ஒதுக்கும் வழக்கம் இலங்கையில் பழையது. ஒல்லாந்தர் 1708இலேயே ஹெந்தளையில் தொழுநோயாளருக்கென வைத்தியசாலை கட்டிவிட்டனர். 1873இல் நோர்வேயில் ஹன்சன் என்ற மருத்துவர் இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டார். பாவத்தின் சம்பளமன்று, வெறும் கிருமிதான் என்றானபோது நோயாளருக்கு விடிவு வந்திருக்க வேண்டும். வந்ததோ சட்டம். 1897இல் பெர்லினில் கூடிய மாநாடு தனிமைப்படுத்தலைப் பரிந்துரைத்தது. 1901இல் இலங்கையிலும் அதற்கான கட்டளைச் சட்டம் பிறந்தது. கிருமியைக் கண்டவர்களும் சரி, சட்டம் செய்தவர்களும் சரி, விரல்கள் ஏன் அழிகின்றன என்ற கேள்வியை ஆழ்ந்து கேட்கவில்லை.

கேட்டவர் தமிழ் மண்ணில் பிறந்த ஒரு வெள்ளையர். கொல்லிமலையில் 1914இல் பிறந்த போல் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சை நிபுணராக இருந்தார். 1947இல் செங்கற்பட்டுத் தொழுநோய் நிலையத்தைப் பார்க்கப் போனவர், விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியிடம் கையைக் கொடுத்து அழுத்தச் சொன்னார். அழுத்திய வேகத்தில் பிராண்டுக்குத் தாங்க முடியாத வலி! பிடித்தவருக்கோ தாம் வலிக்கச் செய்கிறோம் என்பதே தெரியவில்லை. செத்த கை என்று உலகம் தள்ளிய கையில் தசை உயிரோடு இருந்தது, உணர்வுதான் இல்லை.

அதன்பின் பிராண்டும் அவர் குழுவினரும் நோயாளரின் அன்றாடத்தைத் துப்பறிவாளரைப் போலக் கவனித்தனர். அடுப்பில் இருந்து கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவார்கள். துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகிய சிறுவன் ஒருவன், விரல் எலும்புவரை கிழிந்ததை அறியாமல் நின்றான். இரவில் உறங்கியவரின் விரல் காலையில் குறைந்திருந்தது, எலி கடித்திருந்தது. வலி எழுப்பவில்லை, ஆகவே அவர் எழவில்லை. அதற்கு அவர்கள் கண்ட மருந்து: நோயாளருக்கு ஆளுக்கொரு பூனை!

அதே 1947இல்தான் எங்கள் ஊர் விபுலாநந்த அடிகளின் யாழ்நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். யாழின் தந்திக்கும் தமிழில் நரம்பு என்றே பெயர். உடலின் நரம்பிலும் தடித்த இழையும் மெல்லிய இழையும் உண்டு. தொடுகையைச் சொல்லும் தடித்த இழைகளில் செய்தி வினாடிக்குப் பல பத்து மீற்றர் ஓடுகிறது. வலியையும் சூட்டையும் சொல்லும் மிக மெல்லிய இழைகளில் ஏறத்தாழ ஒரு மீற்றர்தான். முள் குத்தினால் முதலில் சுரீர் என்றும், சற்றுப் பிந்தி எரிவாகவும் இருமுறை நோவது, வெவ்வேறு வேக இழைகள் செய்தி கொண்டுவருவதால்தான்.

தொழுநோய்க் கிருமி குளிர்ச்சியான இடத்தை விரும்புவது. ஆகவே முழங்கை, கணுக்கால் போன்ற இடங்களில் தோலுக்கு அருகே ஓடும் நரம்புகளில் புகுந்து, இழைகளைப் போர்த்தியிருக்கும் உயிரணுக்களில் குடியேறுகிறது. பெரும்பாலும் மெல்லிய இழைகளே முதலில் கெடும். தொட்டால் தெரியும், சுட்டால் தெரியாது. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது. கவனியாமல் விட்ட புண்ணே பின்னர் விரலைத் தின்கிறது.

இன்று மாந்தீவின் பெயர் சொல்லி எவரையும் அச்சுறுத்த வேண்டியதில்லை. பெரும்பாலோருக்கு இக்கிருமியை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. 1983 முதல் இலங்கையில் கூட்டு மருந்துச் சிகிச்சை உள்ளது. ஆறு அல்லது பன்னிரண்டு மாதங்களில் நோய் குணமாகும். ஆயினும் புதிய நோயாளர் ஆண்டுதோறும் கண்டறியப்படுகின்றனர், எங்கள் கிழக்கிலும். பிந்தி வருபவருக்குக் கிருமி சாகும். இழந்த உணர்வு முழுமையாகத் திரும்புவது அரிது.

இப்போது அதே மெல்லிய இழைகளை வேறொரு நோய் அரிக்கிறது. என் மூத்த அக்காவுக்கு இருபது ஆண்டுகளாகச் சலரோகம். சென்ற முறை ஊருக்குப் போயிருந்தபோது, கடைத்தெருவுக்குப் போய்வந்த அவர் பின்னாலேயே சீமெந்துத் தரையில் இரத்தத் தடம். செருப்பைத் துளைத்து ஆணி பாதத்தில் ஏறியிருந்தது. "நோவே இல்லையே" என்றார்.

வைத்தியர் இளைஞர். அக்காவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலோன் இழையொன்றால் பாதத்தில் ஒவ்வோர் இடமாக அழுத்தினார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழாவது இடமும் முடிந்தது. அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "எப்ப மகன் தொடங்கப் போறீங்க?"