வெள்ளிக்கிழமைப் பிரசங்கம்

மேடைப்பேச்சு, கூட்டாகப் பணிசெய்தல், மன அழுத்தத்தைக் கையாளுதல் ஆகியவற்றுக்கு இன்று கல்லூரிதோறும் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன. தமிழக அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்துக்குப் பின், அரியலூர்ப் பக்கம் ரெட்டிபாளையம் போன்ற சிற்றூர்களின் மாணவர்க்கும் 'மென்திறன்' என்பது பழகிய சொல்லாகிவிட்டது. சொல் புதிது; அச்சம் பழையது. திருக்குறளின் 73ஆம் அதிகாரத்துக்கே அவையஞ்சாமை என்றுதான் பெயர். நூல் பல கற்றும் அவை நடுவே நா எழாதவரை வள்ளுவர் அறிந்திருக்கிறார்.

ஆனால் அது அமைச்சியலில் வரும் அதிகாரம். அந்த அவை கற்றோர் கூடும் அவை. முன்பின் அறியாத ஊர்மக்கள் முன் நின்று, ஒரு பொருள்பற்றி உரைநடையில் தொடர்ந்து பேசுவது வேறு கலை. தமிழில் அது வேரூன்றியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான்.

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் இருபத்தைந்து வயது ஆறுமுகம் தம் முதற் சைவப் பிரசங்கத்தை நிகழ்த்தினார். வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியரானவர் அவர். பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். பாதிரிமாரின் பேச்சுமுறையை அருகிருந்து கற்று, அவர்களுக்கு எதிராகவே அதைக் கையாண்டார். கோயில்களில் அதற்கு முன்பே புராணபடனம் இருந்தது. ஒருவர் செய்யுளை வாசிப்பார், மற்றொருவர் பயன் சொல்வார். அங்கே நூல் முன்னே செல்லும், பேச்சு பின்னே வரும். பிரசங்கத்தில் இந்த வரிசை மாறிற்று. கள்ளுண்ணாமை, கொல்லாமை, ஈகை என்று பொருள் முன்னே நின்றது. செய்யுள் சான்றாக வந்தது.

சாதி ஆசாரத்தில் அவர் இறுக்கமானவர் என்பதையும், அந்த மேடை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அதன் நடைமுறை மட்டும் நமக்குப் பயன்படும். பிரசங்கம் வெள்ளிதோறும் நடந்தது. அவர் தனியாகவும் நடத்தவில்லை. நல்லூர் கார்த்திகேய ஐயர் உடன் நின்றார். வாரந்தோறும் அதே இடம், அதே மாலை, பக்கத்தில் ஒரு தோழர். மேடை நடுக்கத்துக்கு இதைவிடச் சிறந்த மருந்தை நான் அறியேன். மூன்று நாள் பயிலரங்கு நடத்திச் சான்றிதழ் தருவோர் இதை எண்ணிப்பார்க்கலாம். நம் மாணவர் பேச அஞ்சுவது சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் அன்று. அடுத்த வாரமும் பேச இடமுண்டு என்ற உறுதி இல்லாமல்.

1848இல் ஆறுமுகம் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறு ஆண்டு அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் வந்தவர், திருவாவடுதுறை ஆதீனத்தில் பேசினார். நம் மாவட்டத்திலிருந்து கொள்ளிடத்தைக் கடந்தால் அதிகத் தொலைவில்லாத ஊர் அது. 'நாவலர்' என்னும் பட்டம் அங்கேதான் கிடைத்தது. முதற் பிரசங்கத்துக்குப் பின் இரண்டாண்டு நிறைந்திருக்கவில்லை. பட்டம் அவர் பெயராகவே நிலைத்தது. கார்த்திகேய ஐயர் பெயரை நம் வகுப்பறைகளில் எவரும் சொல்வதில்லை.