மேல்சார்த்தும் அழைப்பாணையும்: பாலக்காட்டு எல்லைப்புற அடமான வழக்குகள்

முன்னுரை

கடன் வாங்கியவரே வழக்கில் பிரதிவாதியாக நிற்பார் என்பது பொதுவான எண்ணம். மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த பாலக்காட்டுப் பகுதியிலோ, பணம் கொடுத்தவரே நீதிமன்ற அழைப்பாணையைப் பெற்று, உழுத நிலத்தைவிட்டு வெளியேறும் நிலை 19ஆம் நூற்றாண்டில் ஏற்பட்டது. ஒரே நிலத்தின்மீது எழுதப்பட்ட இரண்டாவது ஆவணமே இதற்கு வழிவகுத்தது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காணமும் ஒற்றியும்

ஜென்மிக்கு ஒரு தொகையைக் கொடுத்து நிலத்தை ஏற்பவர் காணக்காரர். அத்தொகைக்குரிய வட்டியை விளைவில் கழித்துக்கொண்டு, எஞ்சியதை ‘மிச்சவாரம்’ என்ற பெயரில் அவர் ஜென்மிக்கு அளிப்பார். தமிழகத்தில் அனுபவ அடமானத்தைக் குறிக்கும் ‘ஒற்றி’ என்னும் சொல் மலபாரிலும் வழங்கியது. ஆயினும் அங்கு ஒற்றித்தொகை நிலத்தின் விலையை ஏறத்தாழ எட்டியது. நிலம் விற்கப்படுமாயின் முதலில் வாங்கும் உரிமையும் ஒற்றிக்காரருக்கு இருந்தது. சொல் ஒன்றாயினும் அது சுட்டும் உரிமை இடத்துக்கு இடம் வேறுபடுவதை இங்குக் காணமுடிகிறது.

சென்னை சதர் அதாலத் நீதிமன்றம் 1856இல் காணத்தைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப்பின் மீட்கத்தக்க அடமானமாக வரையறுத்தது. இந்நீதிமன்றத் தீர்ப்புகளையே மாயூரம் வேதநாயகம் பிள்ளை ‘சித்தாந்த சங்கிரகம்’ (1862) என்னும் நூலாகத் தமிழில் தந்தார் என்பது நினைவுகூரத்தக்கது. உழவுரிமை அடமானம் எனப் பெயர் பெற்றதும், காணக்காரர் சட்டத்தின் பார்வையில் கடன்கொடுத்தவரானார். கடன் திருப்பித் தரப்பட்டால் அவர் நிலத்தை ஒப்படைத்தே தீரவேண்டும்.

இரண்டாம் ஆவணம்

ஜென்மிக்கு மேலும் பணம் தேவைப்பட்டபோது இரு வழிகள் இருந்தன. பழைய காணக்காரரிடமே கூடுதல் தொகை பெறுவது ‘புறங்கடம்’ எனப்பட்டது. இது பழைய உறவை நீட்டித்தது. வேறொருவரிடம் பணம் பெற்று, முந்தைய காணத்தை மீட்கும் அதிகாரத்தையும் அவருக்கே எழுதிக்கொடுப்பது ‘மேல்சார்த்து’. இது அவ்வுறவை அறுத்தது. மேல்சார்த்துப் பெற்றவர் பழைய காணத்தொகையைச் செலுத்த முன்வந்து மீட்பு வழக்குத் தொடுத்தார். காணக்காரர் யாருக்கும் கடன்படாதிருந்தும் பிரதிவாதியானார்.

நிலத்தில் அவர் வெட்டிய கிணறும் வைத்த மரங்களுமே அவருக்கு எஞ்சிய வாதம். 1881இல் சிறப்பு ஆணையராக நியமிக்கப்பட்ட வில்லியம் லோகன், நீதிமன்றங்கள் ஜென்மியைத் தனிமுழு உரிமையாளராகக் கொண்டது மரபுக்குப் புறம்பானது என வாதிட்டார். அவர் பரிந்துரைத்த அளவுக்குச் சட்டம் செல்லவில்லை. 1887ஆம் ஆண்டுச் சட்டம் நிலமேம்பாட்டுக்கான இழப்பீட்டை உறுதிசெய்ததேயன்றி வெளியேற்றத்தைத் தடுக்கவில்லை.

கதவில் ஒட்டிய தாள்

இழப்பீடு கோரவும் நீதிமன்றத்தில் தோன்றவேண்டும். தோன்றுவதற்கு அழைப்பாணை கைக்கு வந்தாகவேண்டும். 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் ஐந்தாம் கட்டளைப்படி, பிரதிவாதி கையொப்பமிட மறுத்தாலோ, முயன்று தேடியும் அகப்படாவிட்டாலோ, அமீனா அழைப்பாணையை வீட்டின் வெளிக்கதவில் ஒட்டலாம். வீட்டிலுள்ள வயதுவந்த ஆணிடம் மட்டுமே தரலாம் என்றிருந்த விதி, 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் பெண்ணிடமும் தரலாம் என மாறியது. குறித்த நாளில் வராதவர்மீது ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்படலாம். அழைப்பாணை முறையாகச் சார்வு செய்யப்படவில்லை என மெய்ப்பித்தால் அத்தீர்ப்பை நீக்கக் கோரலாம். வழக்கின் முடிவு பல நேரங்களில் அந்த ஒரு தாளைப் பொறுத்திருந்தது எனலாம்.

எல்லையின் இருபுறம்

பாலக்காட்டுக்கு அருகிலுள்ள சித்தூர் கொச்சி அரசைச் சேர்ந்தது. மலபார் நிலப்பரப்பால் கொச்சியின் பிற பகுதிகளிலிருந்து பிரிந்து கிடந்தது. அங்குக் கொல்லம் 1090 (1914-15) குத்தகைச் சட்டம் காணக்காரருக்கு நிலையுரிமை அளித்தது. மலபாரில் புதுப்பிக்கும் உரிமை 1930ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருந்தது. அண்டை ஊர்களில் ஒரே வகைக் காணம் இருவேறு பாதுகாப்பைப் பெற்றது.

தெற்கே, இன்றைய இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம் மலைப்பகுதி வேறு வரலாறு உடையது. அங்குப் பூஞ்சாற்று அரசர் 1877இல் ஜான் டேனியல் மன்றோவுக்கு அளித்த நிலத்தில் தோட்டங்கள் எழுந்தன. நிலமற்ற தமிழ்த் தொழிலாளர்க்குக் கடன் என்பது அடமானமன்று. கங்காணியிடம் பெற்ற முன்பணமே.

முடிவுரை

1970 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த கேரள நிலச்சீர்திருத்தத் திருத்தம் ஜென்மி முறைக்கு முடிவுகட்டியது. 2002ஆம் ஆண்டின் கடன்மீட்புச் சட்டத்தில் வங்கி நீதிமன்றத்தை அணுகாமலே அறுபது நாள் அறிவிப்புடன் ஈட்டுச் சொத்தை மீட்கும் நடவடிக்கையைத் தொடங்கமுடியும். வேளாண் நிலத்துக்கு அதில் விலக்கு உண்டு. எனவே நிலம் எவ்வகையது என்பதே இன்று வாதப்பொருளாகிறது. 1856இல் காணத்துக்கு இடப்பட்ட பெயர் வெளியேற்றத்துக்கு வழி திறந்தது. ஓர் உரிமைக்குச் சட்டம் இடும் பெயரே அதனை உடையவரின் வாழ்வை முடிவுசெய்கிறது என்பதை இவ்வழக்குகளின் வரலாறு உணர்த்துகிறது.