மூன்று பெண்கள், ஒரு மசோதா

கல்லூரிக்கு வரும் பெண்கள் பலருடைய வங்கிக் கணக்கில் மாதம் 1,000 ரூபாய் வந்து சேர்கிறது. ‘புதுமைப் பெண்’ என்று சுருக்கமாகச் சொல்கிறோம். அத்திட்டத்தின் முழுப்பெயரில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் இருக்கிறார். அவர் யார் என்று வகுப்பில் கேட்டால், “தேவதாசி முறையை ஒழிக்கப் போராடியவர்” என்பார்கள். ஏன் போராடினார்? “அவங்களே அந்தக் கஷ்டத்தை அனுபவிச்சவங்கதானே, மேடம்!” இந்தப் பதிலில்தான் எனக்குச் சிக்கல். அனுபவித்தவர் எதிர்ப்பார் என்பது அவ்வளவு நேர்க்கணக்கு என்றால், அதே மரபில் பிறந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் தேவதாசி ஒழிப்பு மசோதாவை ஏன் எதிர்த்தார்?

இராமாமிர்தம் 1883இல் பிறந்தவர். தந்தை பிரிந்துபோன வறுமையில், பத்து ரூபாய்க்கும் ஒரு பழைய சேலைக்கும் தாயே அவரை ஒரு தாசி வீட்டில் விற்றதாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பொட்டுக்கட்டிக்கொள்ள மறுத்து, தனக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவரையே மணந்துகொண்டார். ஆனால் இதனால் அவர் ஒரே நாளில் பகுத்தறிவுவாதி ஆகிவிடவில்லை. முதலில் காங்கிரசில்தான் இருந்தார். பெரியார் அக்கட்சியை விட்டு விலகியபோது இவரும் விலகினார். ஆத்திரம் முன்பே இருந்தது. அதற்கான சொற்களைச் சுயமரியாதை இயக்கம் கொடுத்தது. 1936இல் வெளிவந்த அவருடைய நாவலின் பெயர் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’. தலைப்பே தாசிகளை வலைவிரிப்பவர்களாகக் காட்டுகிறது. விற்கப்பட்ட ஒரு சிறுமியின் கசப்பு, தன்னைப்போல் விற்கப்பட்டவர்களிடம்கூட எவ்வளவு கடுமையாக நடந்துகொள்ளும் என்பதற்கு அந்நாவல் ஒரு சாட்சி.

முத்துலட்சுமி ரெட்டியின் தாய் சந்திரம்மாளும் அந்த மரபில் வந்தவர். ஆனால் தந்தை நாராயணசாமி அய்யர் புதுக்கோட்டையில் கல்லூரி முதல்வர். இந்த ஒரு வேறுபாடு எவ்வளவோ செய்தது. ஆண்கள் மட்டும் படித்த கல்லூரியின் கதவு அவருக்குத் திறந்தது, 1912இல் மருத்துவரானார், 1927இல் சென்னைச் சட்டசபையில் ஒரே பெண் உறுப்பினராக அமர்ந்தார். தேவதாசி முறையை அவர் ஒரு மருத்துவராகவும், தேசியத்தையும் ஒழுக்கமான குடும்பத்தையும் நம்பியவராகவும் பார்த்தார். நோய், தூய்மை, மணவாழ்க்கை என்றே அவருடைய வாதங்கள் அமைந்தன. இராமாமிர்தம் கோயிலையும் புரோகிதத்தையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார். முத்துலட்சுமியோ இந்து சமயத்துக்குள் ஒரு கறையைத் துடைப்பதாகவே நினைத்தார். இருவரும் கேட்டது ஒரே சட்டம். கேட்ட காரணங்கள் ஒன்றல்ல.

இனி நாகரத்தினம்மாள். 1878இல் நஞ்சன்கூட்டில் பிறந்தவர். தாய் புட்டலட்சுமியைத் துணையாக இருந்த வக்கீல் கைவிட்டார். ஆக, துன்பம் இந்த வீட்டிலும் குறைவில்லை. ஆனால் அந்தத் தாய் மகளுக்கு இசையோடு மொழிகளையும் கற்பித்தார். சென்னையில் கச்சேரி செய்து, சொந்தப் பணத்தில், சொந்த வீட்டில் நாகரத்தினம்மாள் வாழ்ந்தார். மணமான ‘கௌரவமான’ பெண்களில் எத்தனை பேரால் அன்று அது முடிந்திருக்கும்?

தஞ்சை மராத்திய அரசவையைச் சேர்ந்த கணிகை முத்துப்பழனி எழுதிய ‘ராதிகா சாந்தவனமு’ என்ற தெலுங்குக் காவியத்தை 1910இல் அவர் முழுமையாகப் பதிப்பித்தார். ஆபாசம் என்று அரசு தடை செய்தது. பிரகாசம் முதலமைச்சரான பிறகே தடை நீங்கியது. அந்தக் காவியத்தையும் முத்துப்பழனியையும் முன்பே பழித்தவர் யார் தெரியுமா? விதவை மறுமணத்துக்காகப் போராடிய கந்துகூரி வீரேசலிங்கம். நாகரத்தினம்மாளின் அனுபவத்தில் சீர்திருத்தம் இப்படித்தான் வந்தது: ஒரு பெண்ணின் கவிதையை அசிங்கம் என்று சொல்லும் குரலாக. 1927இல் சட்டசபையில் பேச்சு எழுந்தபோது, அவரும் சென்னை தேவதாசிகளும் சங்கமாகத் திரண்டு மனு கொடுத்தார்கள். நாங்கள் விபச்சாரிகள் அல்லர், எங்களுக்குக் கல்வி கொடுங்கள், மரபை அழிக்காதீர்கள் என்பது அதன் சாரம். இதிலும் ஒரு நெருடல் உண்டு. ‘நாங்கள் அவர்கள் அல்லர்’ என்று சொல்லும்போதே வேறு சில பெண்கள் கீழே தள்ளப்படுகிறார்கள்.

பிற்போக்கு என்று அந்த மனுவை ஒதுக்கிவிடுவது எளிது. நான் ஒதுக்கமாட்டேன். சொத்து மகளுக்குப் போகும் ஏற்பாடு, தத்தெடுக்கும் உரிமை, கல்வி ஆகியவற்றை இழக்கப்போகிறவர் எழுப்பிய கேள்வி அது. பத்து ரூபாய்க்கு விற்கப்பட்ட சிறுமிக்கு இழக்க இவை எதுவும் இருக்கவில்லை. ஒரே மரபுக்குள்ளும் பணமும் படிப்பும் ஊரும் அனுபவத்தைப் பிரித்துப்போட்டிருந்தன. ‘தேவதாசியின் அனுபவம்’ என்று ஒருமையில் பேசும்போது நாம் இதைத்தான் மறைக்கிறோம்.

1929இல் வந்த சட்டத்திருத்தம் மானிய நிலங்களைக் கோயில் சேவையிலிருந்து விடுவித்தது. பொட்டுக்கட்டுவதைத் தடைசெய்யும் சட்டத்துக்கு 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காந்தி கைதானதைக் கண்டித்து 1930லேயே முத்துலட்சுமி பதவி விலகிவிட்டார். இடைப்பட்ட காலத்தில் அந்தக் குடும்பங்களில் அதிகாரம் பெண்களிடமிருந்து ஆண்களிடம் நகர்ந்ததை அம்ரித் சீனிவாசன் போன்ற ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். மசோதாவை ஆதரித்த பெண்ணுக்குச் சட்டசபையில் ஓர் இருக்கை இருந்தது. எதிர்த்த பெண்களுக்கு இருந்தது மனு மட்டுமே. அவர்கள் தரப்பை உள்ளே பேசியவர்கள் சத்தியமூர்த்தி போன்ற ஆண்கள்.