ஆய்தல்

கீரை ஆய்கிறவர் கட்டைப் பிரித்து, பழுத்த இலையையும் பூச்சி அரித்ததையும் கிள்ளி எறிகிறார். ஆராய்ச்சி என்ற சொல்லிலும் அதே ‘ஆய்’தான் இருக்கிறது. தொல்காப்பிய உரியியல் ஆய்தலை, உள்ள பொருள் நுணுகுதல் என்ற கருத்தில் வைக்கிறது. ஆகவே எதையும் மறுத்துப் பேசுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது. மறுப்பவர் கட்டோடு வீசுகிறார், ஆய்பவர் ஒவ்வொரு தண்டாகப் பார்க்கிறார்.

இப்படி நுணுகிப் பார்த்தால் மனம் வறண்டுவிடாதா என்று சிலர் கேட்பார்கள். சிலப்பதிகாரம் அதற்கு விடை தருகிறது. அதில் பாண்டியன், அரசியின் சிலம்பைத் திருடியவன் கோவலன் என்று பொற்கொல்லன் சொன்னதை ஆராயாமல் நம்பித்தான் அவனைக் கொல்ல ஆணையிட்டான். கோவலனின் மனைவி கண்ணகியின் துயரம் வழக்கை மறுபடி திறக்க வைத்தது. அந்த அளவுக்கு உணர்ச்சிக்கு இடம் உண்டு, இருக்கவும் வேண்டும். ஆனால் தீர்ப்பை மாற்றியது கண்ணீர் அல்ல. தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்றாள் கண்ணகி. அரசியின் சிலம்பில் முத்து என்றான் அரசன். கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பை உடைத்தபோது தெறித்த மாணிக்கப் பரல்தான் பொற்கொல்லனின் பொய்யைக் காட்டிக்கொடுத்தது.