தையல் மேசையும் கணக்கு மேசையும்

ஆடைத் தொழில் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது தையல் இயந்திரமே. நம் வீட்டுப் பெண்மக்கள் எத்தனையோ பேர் அதன் முன் அமர்ந்து குடும்பத்தைக் காத்து வருகின்றனர். ஆயினும் ஒரு சட்டையின் விலையும், அது கப்பலேற வேண்டிய நாளும், அதைத் தைப்பவருக்குக் கிடைக்கும் கூலியும் அவ்வியந்திரத்தின் முன் முடிவாவதில்லை. அவை வேறொரு மேசையில் முடிவாகின்றன. அம்மேசைக்குரிய கல்விதான் ஆடை வணிகவியல். திருப்பூரில் 'மெர்ச்சன்டைசர்' என்று அழைக்கப்படுவோர் செய்வது அதன் ஒரு பகுதி. தையல் மேசையிலிருந்தோர் கணக்கு மேசைக்குச் செல்ல ஒரு கல்லூரி எவ்வாறு வழி அமைத்தது என்பதை நம் இளைஞர்கள் அறிதல் நலம்.

அக்கல்லூரி நியூயார்க் நகரில் உள்ளது. 1911 மார்ச் 25 அன்று அந்நகரின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றி 146 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் பிழைக்க வந்த ஏழை இளம்பெண்கள். வெளியேறும் கதவு ஒன்று பூட்டிக் கிடந்தது. அதன்பின் சட்டங்கள் வந்தன, தொழிற்சங்கம் வலுப்பெற்றது. தையல் தொழிலைக் கற்பிக்கவென்றே 1926இல் ஒரு பள்ளியும் தோன்றியது. ஆனால் பள்ளி தந்தது கைத்திறன் மட்டுமே. அதற்கு மேற்பட்ட கல்வி வேண்டும் என்று கருதிய கல்வியாளர் மார்ட்டிமர் ரிட்டரும், ஆடை உற்பத்தியாளர் மாக்ஸ் மேயரும் முன்னின்று, 1944இல் பேஷன் தொழில்நுட்பக் கல்லூரியை நிறுவினர். சொந்தக் கட்டடம் இல்லை. ஊசித்தொழில் உயர்நிலைப் பள்ளியின் மேல்மாடிகள் இரண்டில் 100 மாணவர்களோடு அது தொடங்கியது. சிறிய தொடக்கத்தைக் கண்டு நாணுவோர் இதை எண்ணிப் பார்க்கலாம்.

1951இல் அது நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கீழ்ச் சமுதாயக் கல்லூரியாயிற்று. 'சமுதாயம்' என்ற சொல்லை நாம் நம் இனத்தாரைக் குறிக்கவும் வழங்குகிறோம். இங்கே பொருள் அதுவன்று. அந்தந்த வட்டாரத்து மக்கள் குறைந்த கட்டணத்தில், பெரும்பாலும் ஈராண்டில், தொழிலோடு இணைந்த பட்டம் பெறும் கல்லூரியே அமெரிக்காவில் சமுதாயக் கல்லூரி எனப்படுகிறது. 1951இலேயே ஈராண்டு இணைப்பட்டம் வழங்கும் தகுதி இக்கல்லூரிக்குக் கிடைத்தது. 1975இல் மாநிலக் கல்விச் சட்டம் திருத்தப்பட்டு, இளநிலைப் பட்டம் வழங்கவும் வழி பிறந்தது. 1979இல் முதுநிலைப் பட்டத்திற்கும் இசைவு வந்தது. முன்பு ஈராண்டு படித்தவரின் உழைப்பு வீண்போகாமல், அதன்மீதே அடுத்த ஈராண்டும் அமைந்தது. இதுவே இவ்வரலாற்றில் நம்மைப் பெரிதும் கவர்ந்த பகுதி. ஏழைக்குத் தொழிற்கல்வி தருவோர் பலர், அதற்கப்பால் ஏணி வைப்பதை மறந்துவிடுவதுண்டு.

கணக்கு மேசையில் அமர்வோர் கற்பதென்ன? எவ்வளவு சரக்கு வாங்குவது, எவ்விலைக்கு விற்பது, தேங்கியதை எப்போது தள்ளிக் கொடுப்பது என்பனவே. 60 டாலருக்கு வாங்கிய ஆடையை 100 டாலருக்கு விற்றால் இலாப ஏற்றம் எவ்வளவு? அடக்கவிலைமீது கணக்கிடுவோர் ஏறத்தாழ 67 சதவீதம் என்பர். ஆனால் அமெரிக்கக் கடைக்காரர் விற்பனை விலைமீது கணக்கிட்டு 40 சதவீதம் என்பார். இவ்வேறுபாடு அறியாதவர் பேரம் பேச உட்கார்ந்தால் தோற்றுத்தான் எழுவார். வட்டிக் கணக்குப் போடத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இது மலையன்று.

எனினும் பாடம் ஒருமுறை எழுதி முடித்துவிடும் பொருளன்று. அக்கல்லூரியில் முதலில் 'பேஷன் கொள்முதலும் வணிகமும்' என்றிருந்த பிரிவு, பின்னர் 'பேஷன் வணிக மேலாண்மை' ஆகி, இன்று 'பேஷன் தொழில் மேலாண்மை' எனப்படுகிறது. வெறும் பெயர் மாற்றம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 1974இல் கடைப் பொருள்மீது அச்சிட்ட கோட்டுக் குறியீட்டைக் கருவி படிக்கத் தொடங்கியது. விற்றது எது, தேங்கியது எது என்பதை உடனுக்குடன் அறியும் காலம் அதிலிருந்து பிறந்தது. அதே ஆண்டு நடைமுறைக்கு வந்த பல்லிழை ஒப்பந்தம், எந்நாட்டிலிருந்து எத்தனை ஆடை இறக்குமதியாகலாம் என்று பங்கு வகுத்தது. நியூயார்க்கின் தையற்கூடங்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட, வாங்குவோர் ஆசிய நாடுகளை நாடினர். பங்கு முறை மாணவர் கற்றே தீர வேண்டிய பாடமாயிற்று. 2004ஆம் ஆண்டு முடிவில் அம்முறையும் ஒழிந்தது. அதை மட்டும் கற்றிருந்தவர் பழைய பஞ்சாங்கம் வைத்திருந்தவரானார்.

2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். முன்னாள் விரிசலைக் கண்டும் தொழிலாளரை உள்ளே அனுப்பினர். குறைந்த விலை, குறுகிய கெடு என்று கொள்முதல் மேசை விதிக்கும் நெருக்கடி எங்கே போய் விழுகிறது என்பதை உலகம் அன்று கண்டது. 1911இன் பூட்டிய கதவே மீண்டும் நம் கண்முன் தோன்றியது. நம் மாநிலத்து நூற்பாலைகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மூன்றாண்டுகள் அடைபட்டுக் கிடந்த இளம்பெண்களுள் நம் வீட்டுப் பிள்ளைகளும் பலர். அவர்கள் நூற்ற நூலுக்கும் எங்கோ ஒரு மேசையில் ஒருவர் விலை குறித்திருப்பார். ஆகவே, தொழிற்கூடத்தின் நிலையை விசாரிப்பதும் கொள்முதல் செய்வோரின் கடமை என்னும் பாடம் இத்துறையில் இடம்பெற்றே ஆக வேண்டும் என்பது நம் துணிபு.

இக்கல்லூரிக்கும் நம் நாட்டிற்கும் நேர்த் தொடர்பு உண்டு. 1986இல் புதுதில்லியில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் தோன்றியபோது, துணைநின்றது இந்த நியூயார்க் கல்லூரியே. 'நிப்ட்' எனப்படும் அந்நிறுவனம் பட்டம் வழங்கும் உரிமையை 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாகவே பெற்றது. அதுவரை அது அளித்தது பட்டயம்தான். 2014இல் பல்கலைக்கழக மானியக் குழு தொழிற்கல்வி இளநிலைப் பட்டத்திற்குத் திட்டம் வகுத்தது. ஓராண்டில் வெளியேறினால் பட்டயம், ஈராண்டில் மேற்பட்டயம், மூன்றாண்டில் பட்டம் என்பது அதன் ஏற்பாடு.

இத்துறையில் சேர விரும்பும் நம் பிள்ளைகளோடு பெற்றோரும் உறுப்பினர்களும் கல்லூரி வாயிலுக்குச் செல்லும்போது கட்டணத்தை மட்டும் விசாரித்துத் திரும்பிவிடக் கூடாது. பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அது கடைசியாகத் திருத்தப்பட்ட ஆண்டு எது, கற்பிப்போரில் ஏற்றுமதி நிறுவனத்தில் பணியாற்றியவர் உண்டா, தொழிற்பயிற்சிக்கு மாணவரை அனுப்புவது தையற்கூடத்திற்கா, கொள்முதல் அலுவலகத்திற்கா, இடையில் நிற்க நேர்ந்தால் படித்த ஆண்டுக்குச் சான்று உண்டா என்று கேளுங்கள். விடையை எழுதி வாங்கி வாருங்கள்.