துருவேறாத வண்டி: கேமரன் மலையில் ஓர் உலோகக்கலவையின் வரலாறு

கேமரன் மலையின் வரலாற்றை எழுதுவோர் 1885இல் வில்லியம் கேமரன் நடத்திய நில அளவையிலிருந்து தொடங்குவர். பின்னர், 1929இல் ஜே. ஏ. ரசல் நிறுவிய போ தேயிலைத் தோட்டத்துக்கு வருவர். காட்டை அழித்துச் செடி நட்ட தமிழ்த் தொழிலாளரைப் பற்றி ஒரு பத்தி அமைந்தால் அதுவே பெரிது. அம்மலைச் சாலைகளில் இன்றும் ஓடும் பழைய லேண்ட் ரோவர் வண்டிகளையோ வரலாற்றுச் சான்றாக எவரும் கொள்வதில்லை. நாம் அவ்வண்டியின் கதவொன்றைச் சான்றாகக் கொள்வோம்.

அதே 1929இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் வட்டாரத்தில் பர்மாபிரைட் என்னும் உலோகக்கலவை அறிமுகமாயிற்று. அது பெரும்பகுதி அலுமினியம். அதனுடன் 1 முதல் 7 விழுக்காடு மக்னீசியமும் சிறிது மாங்கனீசும் சேர்ந்தது. தோட்டத்துக்கும் கலவைக்கும் அன்று யாதொரு தொடர்பும் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் எஃகு பங்கீட்டு முறையில் வழங்கப்பட்டது. அலுமினியமோ எளிதில் கிடைத்தது. ஆகவே, ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மோரிஸ் வில்க்ஸ் தம் புதிய வண்டியின் மேற்றகடுகளுக்குப் பர்மாபிரைட்டைத் தெரிந்தெடுத்தார். 1948 ஏப்ரல் 30ஆம் நாள் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அவ்வண்டி வெளிவந்தது. இரண்டே மாதங்களுக்குள் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. பிரிட்டிஷ் படையினரோடு மலையேறிய இவ்வகை வண்டி, பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் உரியதாயிற்று. மலை மழையை எண்ணி எவரும் அக்கலவையைத் தேரவில்லை என்பதை மாணவர் குறித்துக்கொள்ள வேண்டும். எஃகுப் பஞ்சமே காரணம். மழைக்கு அது பொருந்தியது தற்செயல்.

இங்கு ஒரு புதிர் எழுகிறது. உலோகங்களின் மின்முனை அழுத்தத்தை நோக்கினால் மக்னீசியம் −2.37 வோல்ட், அலுமினியம் −1.66, இரும்பு −0.44. எண் எவ்வளவு எதிர்மறையோ அவ்வளவு எளிதில் உலோகம் அரிமானத்துக்கு ஆளாகும். அவ்வாறாயின் இரும்பன்றோ நிலைத்திருக்க வேண்டும்? விடை மேற்பரப்பில் உள்ளது. காற்றுப் பட்டவுடன் அலுமினியத்தின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு ஏடு படர்ந்து, உள்ளிருப்பதைக் காக்கிறது. இரும்பின் துருவோ உதிர்ந்து, புதுப்பரப்பை மழைக்குக் காட்டிக்கொண்டே போகிறது. தனித்திருக்கையில் எளிதில் அரிபடும் மக்னீசியம், சிறிதளவாக அலுமினியத்தில் கரைந்திருக்கும்போது அவ்வேட்டைக் கெடுக்காமல் தகட்டுக்கு வலிமை தருகிறது.

ஆயினும், இவ்வண்டிக்குத் துருவே இல்லை என்று சொல்லப்படுவது பாதி உண்மையே. அடிச்சட்டம் எஃகு, கதவின் உட்சட்டமும் எஃகு. கலவைத் தகடு எஃகைத் தொடும் மடிப்பில் மழைநீர் தேங்கினால் அங்கே ஒரு சிறு மின்கலம் உருவாகும். பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உண்டு. உரமூட்டை சுமக்கும் வண்டியில் அத்தூள் ஈரத்தோடு மடிப்பினுள் இறங்கினால் காப்பேடு குலையும். அப்போது அரிக்கப்படுவது எஃகினும் முந்திக் கலவையே. வண்ணப்பூச்சு கொப்புளிக்கும், அதனைச் சுரண்டினால் வெண்பொடி உதிரும். இரண்டு உலோகங்களுக்கும் நடுவே ரப்பரோ நல்ல பூச்சோ இருந்தால் அம்மின்பாதை அறுபடும். மக்னீசியத்தையே அடிப்படையாகக் கொண்ட கலவைகளிலும் இரும்பே பகை: 1942இல் அமெரிக்காவில் ஹனவால்ட் முதலியோர் வெளியிட்ட ஆய்வு, மக்னீசியத்தில் ஏறத்தாழ 0.017 விழுக்காட்டுக்கு மேல் இரும்பு கலந்தால் உப்புநீரில் அரிமானம் திடீரென விரைவதைக் காட்டியது.

அந்த வெண்பொடிக்குத் தமிழில் பெயர் யாது? இரும்புக்குத் துரு என்றோம். செம்புக்குக் களிம்பு என்றோம். ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பையே சைவ சித்தாந்த நூலார் உவமையாக்கினர். அத்துணைக் கூர்மையாக உலோகத்தை நோக்கியவர் நம் முன்னோர். அரிமானம் என்னும் பாடநூற்சொல் நிகழ்ச்சியைக் குறிக்குமேயன்றி அப்பொருளைக் குறிக்காது. புதுச்சொல் ஆக்கக் குழு கூடுவதற்கு முன், ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் இவ்வண்டிகளைப் பழுதுபார்த்து முதுமையடைந்தோரை மாணவர் அணுகிக் கேட்பது நன்று என்பது நம் கருத்து. பட்டறையில் வழங்கிய சொல் ஏதேனும் இருப்பின், அது அவர்கள் நாவில்தான் இருக்கும். கேட்கச் செல்வோர் கதவின் கீழ்விளிம்பை முதலில் பார்க்கட்டும். நீர் தேங்குவது அங்கேதான்.